சத்தத்தை அணைத்துவிட்டால் நாகேஷ் மிஞ்சுவாரா?

1 பிப்ரவரி 2009, காலை

சேலத்து நண்பர் கேட்டிருப்பதை அப்படியே எடுத்துப் போடுகிறேன். "நேற்றிலிருந்து எல்லோரும் உடல்மொழி, உடல்மொழி என்று ஒரே பாட்டாகப் பாடுகிறீர்கள். நாகேஷ் என்றால் குரல். அந்த வேகம், அந்த இழுப்பு, திடீரென்று நிறுத்துகிற இடம். சத்தத்தை அணைத்துவிட்டுத் திருவிளையாடலில் அவர் போட்ட தருமி வேடத்தைப் பாருங்கள். ஒல்லியான ஒரு மனிதர் கையை ஆட்டிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். இல்லை என்பவர்கள் நிரூபிக்கலாம்."

நாகேஷ் செத்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் இவர் பரீட்சை வைக்கிறார். இரவு வந்து எழுதுகிறேன்.

1 பிப்ரவரி, இரவு

நிரூபிக்கிறேன். நான் நாகேஷைச் சத்தம் இல்லாமல் பார்த்து வளர்ந்தவன்.

அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அரிசி மில் நிற்கிறது. ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள், அதனால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. முறுக்கு விற்பவருக்குக் கொண்டாட்டம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஓடி முடிந்த ரீலைக் கையால் திருப்பிச் சுற்றுவதும், கார்பன் குச்சி தீரப்போகும்போது அடுத்ததை எடுத்து நீட்டுவதும் என் வேலை. மற்ற நேரத்தில் சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, சுவரில் இருக்கும் சதுர ஓட்டை வழியாகப் படம் பார்ப்பேன். மிஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கும் அப்பா பேசுவதே கேட்காது.

திருவிளையாடல் 1965-இல் வந்த படம். எங்கள் கொட்டகைக்கு இரண்டு வருடம் கழித்து வந்தது, அதற்குப் பிறகு சிவராத்திரிக்குச் சிவராத்திரி வந்தது. தருமி புலம்பும் காட்சியை முப்பது முறையாவது பார்த்திருப்பேன், ஒரு வார்த்தை கேட்காமல். கோயில் மண்டபத்தில் தனியாக ஓர் ஆள், முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும், நிற்க மாட்டார். கை ஒரு பக்கம் கெஞ்சும், கால் வேறு பக்கம் போய்விடும். கொட்டகை குலுங்கிச் சிரிக்கும். என்ன பேசுகிறார் என்று தெரியாமலே நானும் சிரிப்பேன்.

ஐயா சேலத்துக்காரரே, போதுமா?

2 பிப்ரவரி

போதாதாம். "கொட்டகையில் ஸ்பீக்கரே கிடையாதா? ஊருக்கே கேட்குமே" என்கிறார்.

சரி. ஒரு வார்த்தை கேட்காமல் என்று எழுதியது மிகை. கீற்றுக் கொட்டகை, ஸ்பீக்கர் சத்தம் அடுத்த தோட்டத்துச் சாளைவரை போகும். ஆனால் ஆபரேட்டர் அறைக்குள் குரல் ஒரு கரகரப்பாகத்தான் வந்து சேரும், சொல் பிரியாது. தெளிவாகக் கேட்டது சிரிப்பு ஒன்றுதான். தரை டிக்கெட்டுக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பெஞ்சு இரண்டு விநாடி தாமதிக்கும், நாற்காலிக்காரர்கள் கௌரவம் பார்த்துக் கடைசியில்.

இதைக் கவனியுங்கள்: பல இடங்களில் சிரிப்பு முதலில் வந்தது, உதடு பிறகுதான் அசைந்தது. வசனம் வருவதற்கு முன்பே சிரித்தால் எதைப் பார்த்துச் சிரித்தார்கள்? உடம்பைத்தானே?

3 பிப்ரவரி

பத்திரிகைகளில் ஈழத்துப் போர்ச் செய்திகளுக்கு நடுவே ஒரு மூலையில் நாகேஷ். நியாயம்தான், அங்கே செத்துக்கொண்டிருப்பவர்களின் முன்னால் எழுபத்தைந்து வயது வாழ்ந்த நடிகரின் சாவு பெரிதில்லை. இருந்தாலும் அந்தச் சிறிய படத்தை வெட்டி வைத்தேன்.

5 பிப்ரவரி

நானே என் காலை வாரிக்கொள்ளப் போகிறேன். நேற்று இரவு தூக்கம் வராமல் யோசித்ததில் வந்த வினை.

அந்தச் சிரிப்பு ஏன் முன்கூட்டியே வந்தது? எல்லோருக்கும் வசனம் மனப்பாடம். அப்போது கல்யாண வீடு என்றால் முதல் நாளே மைக் செட் கட்டிவிடுவார்கள், புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர். பாட்டு ரெக்கார்டு தீர்ந்ததும் திருவிளையாடல் கதை வசன ரெக்கார்டு. மாவாட்டும் பெண்கள், பந்தல்காரர், பந்திக்கு இலை நறுக்குபவர், எல்லோருக்கும் தருமி வசனம் தலைகீழ்ப் பாடம். படத்தைப் பார்க்காத கிழவிகள்கூட அந்தக் குரலைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் ஆத்தா கடைசிவரை சினிமாக் கொட்டகையில் கால் வைத்ததில்லை. ஆனால் தருமி பரிசுத்தொகைக்காகப் புலம்புவது போலவே புலம்பிக் காட்டுவார், பால்காரர் காசு பாக்கி வைக்கும்போதெல்லாம்.

ஆக, படம் இல்லாமல் குரல் மட்டுமே ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறது. சேலத்துக்கு ஒரு புள்ளி. நான் 2-ஆம் தேதி எழுதிய சாட்சியம் செல்லாது.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

"ஒரு புள்ளிதானா?" என்று கேட்டிருக்கிறார். ஒன்றுதான்.

7 பிப்ரவரி

துபாயிலிருந்து எழுதும் தம்பி, நாகேஷ் முகத்தில் இருந்த அம்மைத் தழும்பைப் பற்றிக் கேட்டிருந்தார். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது.

என் தாய்மாமாவுக்கும் பெரியம்மை வந்து போன முகம். கன்னம் முழுக்கக் குழி. மூன்று இடத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தார்கள், மூன்றிலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை. 1964-இல் சர்வர் சுந்தரமும் காதலிக்க நேரமில்லையும் வந்தபிறகு ஊரில் பையன்கள் அவரை "நாகேஷ்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கல்லை எடுத்துக்கொண்டு துரத்தினார். பிறகு ஒரு நாள், கிணற்றடியில், தானே சர்வர் சுந்தரம் போல டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையில் ஏந்தி நடந்து காட்டினார். ஒன்பது டம்ளர் அடுக்கினார். வாசலைத் தாண்டும்போது சரிந்தது. எவர்சில்வர் டம்ளர்கள் கல் தரையில் உருண்டு கிணறு வரை போயின, ஒன்று உள்ளேயே விழுந்தது. அம்மா திட்டியது நினைவிருக்கிறது. மாமா சிரித்தது அதைவிட நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பெயரை அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. நாலாவது இடத்தில் பெண் அமைந்தது. அதற்கு நாகேஷ் காரணம் என்று நான் சொல்லவில்லை, மாமா சொல்வார்.

அந்த முகத்தை வைத்துக்கொண்டு கதாநாயகன் ஆக முடியும் என்பதைச் சர்வர் சுந்தரம் கதையாகவே எடுத்துக்கொண்டது, பாலசந்தர் எழுதிய கதை. முகத்தைச் சுற்றித்தான் அந்தப் படத்தின் வேதனையே. சத்தமா உடம்பா என்று சண்டை போடும் நாம் இரண்டு பேரும் முகத்தை மறந்துவிட்டோம்.

8 பிப்ரவரி

மாமா அடுக்கியது ஒன்பது அல்ல, ஏழாம். அம்மாவிடம் போனில் கேட்டேன். கிணற்றில் விழுந்தது டம்ளர் அல்ல, சொம்பு. சொம்பு எப்படி அதில் வந்தது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

9 பிப்ரவரி

காதலிக்க நேரமில்லை பற்றிப் பேச்சு வந்ததால். செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும், வர்ணிக்க வேண்டியதில்லை. மதுரைக்காரர் அது நாகேஷின் காட்சி என்கிறார். எனக்கு அது அப்பாவாக வரும் பாலையாவின் காட்சி. நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பிக் கதையைக் கொட்டிக்கொண்டே போகிறார், பாலையாவுக்கு அதில் பேச்சு மிகக் குறைவு. ஆனால் கண் யாரிடம் போகிறது? பயந்து பயந்து சுருங்கும் அந்தப் பெரிய மனிதரிடம். கதை சொல்கிறவர் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் கேட்கிறவர் காணாமல் போயிருப்பார். எதிரில் இருப்பவருக்கு இடம் விட்டு நடிப்பது எல்லா நகைச்சுவை நடிகருக்கும் வராது, பலர் கூட நடிப்பவரின் வாயை அடைத்துவிட்டுத்தான் கைத்தட்டல் வாங்குவார்கள்.

திருவிளையாடலில் இதற்கு நேர் எதிர் நடந்தது என்று சொல்வார்கள். தருமி காட்சியைப் போட்டுப் பார்த்த சிவாஜி, அதில் சிவபெருமானாக நடித்தவர், தன்னை நாகேஷ் தூக்கிச் சாப்பிட்டது தெரிந்தும், அதில் ஓர் அடிகூட வெட்டக் கூடாது என்றாராம். அந்த மனசும் லேசில் வராது.

11 பிப்ரவரி

எப்படி மறந்தேன்! மகளிர் மட்டும்!

பிணம்!

11 பிப்ரவரி, இரவு

காலையில் அவசரத்தில் கத்திவிட்டேன், விளக்குகிறேன். 1994-இல் வந்த மகளிர் மட்டும் படத்தில் நாகேஷுக்கு வேடம் பிணம். வசனம் இல்லை, குரல் இல்லை, கண் திறப்பதில்லை. மூன்று பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டும் சாய்த்துக்கொண்டும் திரிவார்கள். தலை தொங்கும் விதம், உடம்பு துவளும் விதம், அவ்வளவுதான் நடிப்பு. தியேட்டரில் என் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துப் புரையேறி எழுந்து வெளியே போனார். சேலத்து நண்பர் பத்து நாளாகக் கேட்ட சான்று இதுதான், இதைவிடப் பெரிய சான்று சினிமாவிலேயே கிடையாது. நான் என்னடாவென்றால் சோடாப் பெட்டியில் ஏறி நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அபூர்வ ராகங்களில் குடிகார டாக்டர் சுவரில் விழும் தன் நிழலோடு கிண்ணத்தை மோதிக் குடிப்பாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

12 பிப்ரவரி

சேலத்துப் பதில்: "பிணத்தை வைத்துச் சிரிக்க வைத்தது வசனம் எழுதிய கிரேசி மோகன். நாகேஷ் படுத்திருந்தார்."

இந்த மனிதரோடு என்னால் முடியாது.

14 பிப்ரவரி

கோபம் ஆறிவிட்டது. படுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நேற்று வீட்டில் சோதித்தேன். கட்டிலில் மல்லாந்து கிடந்து, மருமகனைத் தோளைப் பிடித்துத் தூக்கச் சொன்னேன். தூக்கியதும் என்னை அறியாமல் கழுத்து விறைத்துக்கொண்டது. மூன்று முறை முயன்றும் தலையைத் தொங்கவிட முடியவில்லை, விழுந்துவிடுவோம் என்று உடம்புக்குப் பயம். அறுபது வயதில் நாகேஷ் அந்தப் பயத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கிடந்திருக்கிறார். மருமகன் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை.

அதே வருடம் வந்த நம்மவரில் மகளைப் பறிகொடுக்கும் பேராசிரியர் வேடம். அதற்குத்தான் தேசிய விருது, துணை நடிகர் என்ற பிரிவில். முதல் படம் வந்து ஏறக்குறைய முப்பத்தைந்து வருடம் கழித்து. பத்ம விருது எதுவும் கடைசிவரை இல்லை. அழ வைத்தால்தான் விருது என்பது நம் ஊர் வழக்கம் என்று புலம்பலாம், ஆனால் அந்த நம்மவர் காட்சியைப் பார்த்தபின் அப்படிப் புலம்பவும் வாய் வரவில்லை.

17 பிப்ரவரி

பெயர்க் குழப்பம் கேட்டவருக்கு: ஆமாம், பழைய படங்களின் எழுத்து ஓடும்போது "தாய் நாகேஷ்" என்று இருக்கும். அம்மா சம்பந்தம் எதுவும் இல்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு நாடகம் போட்ட காலத்தில் டாக்டர் நிர்மலா என்ற நாடகத்தில் நோயாளி தண்டபாணியாக வந்து "தை, தை" என்று குதித்ததால் தை நாகேஷ். ஆங்கில எழுத்தில் போய்த் தமிழுக்குத் திரும்பி வந்தபோது தை, தாய் ஆகிவிட்டது. வீட்டில் கன்னடம் பேசியவருக்கு இது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அனுபவி ராஜா அனுபவியில் தூத்துக்குடித் தமிழைப் பேசிப் பாடி ஆடினார், திருநெல்வேலிக்காரர்கள் இன்றைக்கும் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைக்கிறார்கள்.

இன்னொரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக ஒரு சிறு வேடம், தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்தச் சிறு வேடத்துக்குப் பரிசுக் கோப்பை கொடுத்துவிட்டுப் போனார். ஆரம்பத்திலிருந்தே நோயாளி வேடங்கள்தான். நீர்க்குமிழியிலும் ஆஸ்பத்திரிக் கட்டில்.

23 பிப்ரவரி, சிவராத்திரி

முதலில் ஓர் ஊர்ச் செய்தி. திருப்பூர் மாவட்டம் பிறந்துவிட்டது. தாராபுரம் ஈரோட்டை விட்டு எங்களோடு வந்துவிட்டது. நாகேஷ் 1933-இல் பிறந்தபோது அது கோயம்புத்தூர் ஜில்லா, பிறகு ஈரோடு, இப்போது திருப்பூர். மூன்று மாவட்டமும் சொந்தம் கொண்டாடலாம். ஒரு தெருவுக்காவது யாராவது பெயர் வைக்கட்டும்.

இரண்டாவது. அப்பாவின் தகரப் பெட்டியைக் கிளறியதில் ஒரு தீப்பெட்டி கிடைத்தது. உள்ளே பிலிம் துண்டு. ஓட்டை கிழிந்த பிரிண்டை அப்பா வெட்டி ஒட்டும்போது மிஞ்சுகிற துண்டுகள் எனக்கு வரும். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, வேட்டியில் படம் காட்டுவோம். மூன்று கோலிக்கு ஒரு துண்டு என்று விலை. தருமி துண்டை மட்டும் நான் விற்கவில்லை.

ஆறு கட்டங்கள். நிறமெல்லாம் போய், மொத்தமும் செங்காவி பூத்துக் கிடக்கிறது. லேசாகக் காடி நாற்றம். ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆறிலும் முகம் துல்லியமாக இருக்கிறது, வாய் பாதி திறந்தபடி, ஒரே மாதிரி. கை மட்டும் ஒன்றிலும் நிற்கவில்லை, ஆறிலும் புகை போலக் கலைந்திருக்கிறது. ஒரு விநாடியில் கால் பங்கு நேரம் இது. முகம் அசையாமல் கை அவ்வளவு வேகமாகப் போவதை ஓடும் படத்தில் கண்ணால் பிடிக்க முடியாது.

சேலத்துக்காரர் இதைப் பார்த்தாலும் ஏதாவது சொல்வார்.

மூன்றாவது. இன்று இரவு முறையான பரீட்சை. பஸ் நிலையத்தில் திருவிளையாடல் விசிடி வாங்கிவந்திருக்கிறேன். பேத்திக்கு ஆறு வயது, மகள் வயிற்றுப் பேத்தி. படத்தைப் பார்த்ததில்லை, வசனம் கேட்டதில்லை, தருமி யார் என்றே தெரியாது. சத்தத்தை அணைத்துப் போட்டுக் காட்டப்போகிறேன். எங்கே சிரிக்கிறாள் என்று எண்ணுவேன். முடிவை ஒளிக்க மாட்டேன்.

24 பிப்ரவரி

முடிவு: ஒரே ஒரு சிரிப்பு.

சிவபெருமான் வந்து நிற்பதைக் கண்டு தருமி பதறும் இடத்தில் சிரித்தாள். மற்றபடி அந்தப் புலம்பல் முழுவதும், முப்பது முறை கொட்டகை குலுங்கியதே அந்தப் புலம்பல், வாயில் விரலை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. சேலம் ஜெயித்துவிட்டது என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டேன்.

அப்போது, "இவர் ஏன் அப்பச்சி அழுகிறார்?" என்றாள்.

அழவில்லை கண்ணு, பேசுகிறார் என்றேன். இல்லை, அழுகிறார் என்றாள். சபைக் காட்சி வந்தது. நக்கீரர் பாட்டில் பிழை சொல்ல, தருமி மன்னர் முன்னால் நெளிந்து வளைந்து கெஞ்சுகிறார். பிழை எவ்வளவோ அதற்குத் தகுந்தபடி பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று கேட்கிற இடம், தமிழ்நாடே சிரித்த இடம். வசனம் இல்லாமல் திரையில் இருந்தது என்ன? குச்சியாக ஓர் ஆள், கூனிக்கொண்டு, பெரிய மனிதர்கள் நடுவில். "பாவம், அவருக்குப் பசிக்கிறது" என்றாள். அவர் ஏழை என்று நான் சொல்லவே இல்லை.

நானும் அந்தக் கணத்தில்தான் பார்த்தேன். ஐம்பத்து நாலு வயதில், எத்தனையாவது முறையோ. குரல் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்த இத்தனை வருடமும் அந்த உடம்பு பட்டினி கிடந்திருக்கிறது.

அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. கரண்ட் போய்விட்டது. இருட்டில் விசிறியால் வீசிக்கொண்டிருந்தபோது, "அந்தக் காசைக் கொடுத்தார்களா?" என்று கேட்டாள். கொடுத்தார்கள், புராணத்தில் அந்தக் கதைக்குத் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம் என்றே பெயர் என்றேன். படலம் என்றால் என்ன என்று அடுத்த கேள்வி.

சேலத்து நண்பரே, சிரிப்புக்குக் குரல் என்று நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மிச்சத்துக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

25 பிப்ரவரி

பதில் வரவில்லை. இரண்டு நாள் வாய் திறக்காமல் இருக்கிறார், பழக்கமில்லாத அமைதி.

26 பிப்ரவரி

வந்துவிட்டது. "உங்கள் பேத்திக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு போட்டீர்களா? அவளுக்குத்தான் பசித்திருக்கும்."

போட்டோம் ஐயா. இட்லி. மூன்று.

இப்போது சத்தத்தோடு பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வாங்கிய விசிடி சபைக் காட்சிக்கு அப்புறம் கட்டம் கட்டமாக நின்று நின்று ஓடுகிறது. யாரிடமாவது நல்ல பிரதி இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.